முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனைவி: ஒரு கணவரின் கடிதத்துக்குப் பதில்

மதுரையிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யார் என்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 33. மாட்டுத்தாவணிப் பக்கம் அண்ணனோடு சேர்ந்து இரவு நேர புரோட்டா கடை நடத்துகிறார். கல்லில் நிற்பதும் அவர்தான். மாலை 5 மணிக்குக் கடைக்குப் போனால் வீடு திரும்ப இரவு 2 மணி ஆகிவிடும். மனைவிக்கு வயது 27. ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணம். நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒன்றே முக்கால் வயதில் ஒரு மகள். வீட்டில் இரண்டே அறைகள். முன்னறையில் அவருடைய அம்மா படுத்துக்கொள்கிறார்.

"கல்யாணமான புதிதில் முதல் முத்தம் அவள் கொடுத்ததுதான். நான் கடைக்குக் கிளம்பும்போது கதவுக்குப் பின்னால் இழுத்து நிறுத்திக் கொடுத்து அனுப்புவாள். குழந்தை பிறந்த பிறகு எல்லாம் போய்விட்டது. இப்போது நான் நெருங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கன்னத்தைக் காட்டுவாள்; உதட்டைக் காட்டமாட்டாள். மற்றதற்கெல்லாம் மறுப்பு சொல்வதில்லை. முத்தம் மட்டும் கிடையாது" என்று எழுதுகிறார்.

மனதில் வேறொருவர் இருந்தால்தான் ஒரு பெண் இப்படி நடந்துகொள்வாள் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. மனைவி உறங்கும்போது அவருடைய போனை எடுத்துப் பார்த்திருக்கிறார். உடன் வேலை செய்யும் ஆசிரியர் ஒருவர் எல்லோருக்கும் அனுப்பும் காலை வணக்கப் படங்களைத் தவிர எதுவும் இல்லை. பிறகு ஒரு நாள் இரவு, "புருஷனுக்கு இந்த உரிமைகூட இல்லையா" என்று கேட்டு இரண்டு கைகளாலும் மனைவியின் முகத்தை அழுத்திப் பிடித்து முத்தமிட்டிருக்கிறார். மனைவி சத்தம் வராமல் அழுதிருக்கிறார். அதன் பிறகு இருவருக்கும் நடுவில் குழந்தையைப் போட்டுப் படுக்கிறார்.

அவருடைய கேள்விகள் மூன்று. முத்தம் கொடுக்காத மனைவிக்குக் கணவன் மேல் காதல் இல்லை என்று அர்த்தமா? இதைக் காரணமாகக் காட்டி விவாகரத்து கேட்க முடியுமா? பழையபடி அவளை மாற்ற என்ன வழி?

தம்பி, ஒரு முத்தத்துக்காக இவ்வளவு வருந்துகிறேனே என்று கடிதத்தில் இரண்டு இடங்களில் வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த வெட்கம் வேண்டாம். தாம்பத்தியத்தில் குறை என்று என்னிடம் வரும் ஆண்களில் பெரும்பாலோர் உடலுறவைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். "முத்தம் இல்லை, அதுதான் வலிக்கிறது" என்று வாய்திறந்து சொல்லும் கணவர்கள் அரிது. மற்றதெல்லாம் கிடைத்தும் உங்கள் மனம் நிறையவில்லை. மனைவியின் உடலோடு அவருடைய விருப்பமும் சேர்ந்து வரவேண்டும் என்று ஏங்குகிறீர்கள். நல்ல ஏக்கம்தான் அது. அதை வைத்துக்கொண்டு அதன் பிறகு நீங்கள் செய்தவற்றில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. அதற்கும் வருகிறேன்.

முத்தத்துக்கு ஏன் இவ்வளவு வலிமை? உதட்டுத் தோல் மிக மெல்லியது. தொடு உணர்வு நரம்பு முனைகள் அங்கே நெருக்கமாக இருக்கின்றன. மூளையில் தொடு உணர்வைப் பதிந்துகொள்ளும் பகுதியில், இந்தச் சிறிய உதடுகளுக்கு நம் முதுகு முழுவதற்கும் இருப்பதைவிடப் பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. உதட்டுக்கு மேலேயே மூக்கு இருப்பதால் எதிரில் இருப்பவரின் வாசனை, மூச்சு, சுவை எல்லாம் ஒரே நேரத்தில் வந்துசேர்கின்றன. வேறு எந்தத் தொடுதலிலும் இத்தனையும் சேராது. காதல் கொண்டவர்களுக்கு முதல் முத்தம் ஆண்டுகள் கடந்தும் நினைவில் நிற்பது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. உடலுறவின்போது மனம் வேறெங்கோ இருக்க முடியும். நாளைக்கு என்ன சமையல், வண்டிக்குத் தவணை எப்போது என்று நினைத்துக்கொண்டே உடலை மட்டும் கொடுத்துவிட்டுப் படுத்திருந்ததாகப் பல மனைவிகள் என்னிடம் அழுதிருக்கிறார்கள்; சில கணவர்களும் சொல்லியிருக்கிறார்கள். முத்தத்தில் அது கடினம். இரண்டு முகங்கள் அவ்வளவு நெருங்கும்போது, விருப்பமா, பொறுமையா, வெறுப்பா என்பது மறுகணமே தெரிந்துவிடும். ஒருவர் கொடுக்க மற்றவர் வெறுமனே இருந்தால் அதை முத்தம் என்றே நம் மனம் ஏற்பதில்லை. உங்களுக்கே அது தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் இந்தக் கடிதம்.

அதனால் உங்கள் மனைவி மற்றதை மறுக்காமல் முத்தத்தை மட்டும் மறுக்கிறார் என்றதும், நண்பர் எடுத்துக்கொண்ட பொருளை நான் எடுத்துக்கொள்ளவில்லை. மனமில்லாமல் கொடுக்க முடியாத ஒன்றை அவர் கொடுக்க மறுக்கிறார். முத்தத்தை அவர் இன்னும் உயர்ந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. "மற்றதற்கெல்லாம் மறுப்பு சொல்வதில்லை" என்கிறீர்கள். மறுப்பு சொல்லாமல் இருப்பதும் விரும்புவதும் ஒன்றா? மாதக்கணக்கில் அவர் விருப்பமின்றியே உங்களுக்கு இணங்கிவந்திருக்கலாம். அதை நினைத்துப் பாருங்கள்.

காதல் இல்லை என்று அர்த்தமா?

இல்லை. முத்தத்தை வைத்துக் காதலை அளக்க முடியாது. 2015இல் வெளிவந்த ஒரு மானுடவியல் ஆய்வு உலகெங்கும் 168 சமூகங்களின் வழக்கங்களை எடுத்துப் பார்த்தது. காதலர்கள் உதட்டோடு உதடு முத்தமிடும் வழக்கம் அவற்றில் 46 விழுக்காட்டில்தான் இருந்தது. மற்ற சமூகங்களில் ஆணும் பெண்ணும் அன்பில்லாமலா குடும்பம் நடத்துகிறார்கள்? நம் வீடுகளிலேயே பாருங்கள். தாத்தா பாட்டி முத்தமிட்டு நாம் பார்த்ததில்லை. ஆனால் அவர் சாப்பிடாமல் இவர் சாப்பிட்டதில்லை.

இது மேற்கத்தியப் பழக்கம், நமக்கு ஒவ்வாது என்று சிலர் சொல்வதும் சரியில்லை. காமத்துப்பாலில் காதற்சிறப்புரைத்தல் அதிகாரத்தின் முதல் குறளே, 1121ஆம் குறள், இதைப் பற்றியதுதான். இனிமையாகப் பேசும் காதலியின் வெண்பற்களிடையே ஊறிய நீர் பாலோடு தேன் கலந்தது போல இருக்கிறது என்கிறான் காதலன். எவ்வளவு துணிவாக, எவ்வளவு நுட்பமாகச் சொல்லியிருக்கிறார் வள்ளுவர்! கண்ணையோ கூந்தலையோ விட்டுவிட்டு நேராக வாயின் சுவைக்குப் போகிறார். அந்தச் சுவையைத்தான் நீங்களும் தேடுகிறீர்கள். இப்போது அதே கேள்வியை உங்கள் மனைவியின் பக்கம் நின்று கேட்டுப் பாருங்கள். இரவு 2 மணிக்கு நெருங்கி வரும் உங்கள் வாயின் சுவை அவருக்கு எப்படி இருக்கும்?

கடிதத்தில் நீங்களே எழுதிய ஒரு வரி

கடை வேலையை விவரிக்கும் இடத்தில், போகிற போக்கில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "தூக்கம் வராமல் இருக்க வெற்றிலையோடு புகையிலை போடுவேன், இப்போது இரண்டு வருடமாகக் கொஞ்சம் அதிகம். பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வரும், மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை." இரண்டு பக்கம் தள்ளி, மனைவி உங்களை அவமானப்படுத்தினார் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறீர்கள்: "ஒரு நாள், 'முதலில் வாயைக் கொப்பளித்துவிட்டு வாருங்கள்' என்றாள். எனக்கு முகத்தில் அடித்தது போல் இருந்தது."

அவர் காரணத்தைச் சொல்லிவிட்டார், தம்பி. நீங்கள் அதை அவமானமாக எடுத்துக்கொண்டதால் இரண்டாவது முறை சொல்லவில்லை. கணவரிடம் "உங்கள் வாய் நாறுகிறது" என்று சொல்வது நம் குடும்பங்களில் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள். சொல்வதைவிட முகத்தைத் திருப்பிக்கொள்வது எளிது. ஆண்டுக்கணக்கில் அப்படித் திருப்பிக்கொண்டே வாழ்ந்துவிடும் பெண்கள் உண்டு. காரணம் தெரியாமலேயே கசந்துபோன கணவர்களும் உண்டு.

தன் வாய் நாற்றம் தனக்குத் தெரியாது. மூக்கு அதற்குப் பழகிவிடும். ஈறில் ரத்தம் வருவது சின்ன விஷயமும் இல்லை. பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் படிந்து இறுகிய காரையில் கிருமிகள் பெருகி ஈறு வீங்கியிருக்கிறது என்பதன் அடையாளம் அது. அந்தக் கிருமிகளும் நாக்கின் பின்பகுதியில் படியும் வெள்ளைப் படலமும் கந்தகம் கலந்த வாயுக்களை வெளியிடுகின்றன. அழுகிய முட்டை வாடை போல எதிரில் இருப்பவருக்குத் தெரிவது அதுதான். இதோடு புகையிலை, சுண்ணாம்பு, வெங்காயம், இரவெல்லாம் அடுப்பின் முன் நின்று வறண்டுபோன வாய். சோம்பு மென்றாலோ புதினா மிட்டாய் போட்டாலோ கால் மணி நேரம் மறையும், பிறகு திரும்பிவிடும்.

முத்தத்தில் வாய்க் கிருமிகள் இடம் மாறுவது இயல்பு. 2014இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், 10 விநாடி நீடிக்கும் ஆழ்ந்த முத்தத்தில் சுமார் 8 கோடி பாக்டீரியாக்கள் ஒரு வாயிலிருந்து இன்னொன்றுக்குப் போவதாகக் கணித்தார்கள். நலமாக இருக்கும் இருவருக்கு இதனால் தீங்கில்லை, பயப்பட வேண்டாம். உங்கள் வாயின் நலம் உங்களோடு நின்றுவிடுவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

முத்தத்தைவிடவும் அவசரமான ஒன்று இருக்கிறது. புகையிலை மட்டுமல்ல, புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இலேயே அறிவித்துவிட்டது. பாக்குப் பழக்கத்தால் வாயின் உட்சதை இறுகி, வாயை முழுதாகத் திறக்க முடியாமல் போவதும் உண்டு. வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாய் திறப்பது குறைதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டாலும் போங்கள். அரசு இராசாசி மருத்துவமனையில் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. காரையை எடுத்துச் சுத்தம் செய்தாலே ஈறு தேறத் தொடங்கும். கூடவே ரத்தத்தில் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை கூடியிருந்தால் ஈறு நோய் எளிதில் அடங்காது.

புகையிலையை விட 1800-11-2356 என்ற இலவச எண்ணில் வழிகாட்டுகிறார்கள். முதல் சில நாட்கள் எரிச்சலும் படபடப்பும் இருக்கும். அந்த நாட்களில் வீட்டில் கோபம் வரலாம் என்பதை மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடையில் தூக்கத்தை விரட்ட வேறு வழி தேட வேண்டியிருக்கும். அண்ணனோடு பேசி வாரத்தில் இரண்டு நாளாவது கல்லுக்கு வேறு மாஸ்டரை நிறுத்த முடியுமா என்று பாருங்கள்.

குழந்தையும் வீடும்

வாய்தான் காரணம் என்று முடித்துவிடாதீர்கள். உங்கள் மனைவியின் ஒரு நாளை உங்கள் கடிதத்திலிருந்தே அடுக்கிப் பார்த்தேன். காலை 5 மணிக்குக் குழாயில் தண்ணீர் பிடிக்க எழுகிறார். சமையல், குழந்தை, பள்ளி. மாலையில் வீடு, விடைத்தாள். இரவில் இரண்டு முறை குழந்தை பாலுக்கு எழுகிறது. நீங்கள் வந்து எழுப்பும் 2 மணி என்பது அவருக்கு ஆழ்ந்த உறக்கத்தின் நடுப்பகுதி. உங்களுக்கு அது வேலை முடிந்து மனம் இளகும் நேரம். ஒரே வீட்டில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன.

பாலூட்டும் காலத்தில் உடலில் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருக்கும். ஆசையும் குறைவது வழக்கம். நாள் முழுவதும் குழந்தை மேலே தொற்றிக்கொண்டிருக்க, இரவில் இன்னொரு கை மேலே பட்டால் "சற்று விடுங்களேன்" என்றுதான் தோன்றும். உங்கள் மேல் வெறுப்பு என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். குழந்தை உறங்கும்போதும் அவருக்கு உறக்கம் வராமல் இருந்தாலோ, எதிலும் பற்றில்லாமல் அடிக்கடி அழுதாலோ அது மனச்சோர்வாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு ஓராண்டு தாண்டியும் நீடிப்பதுண்டு. மருத்துவர் உதவியால் நன்றாகச் சரியாகும்.

பிறகு வீடு. உள்ளறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அம்மா தண்ணீர் குடிக்க எழுந்தால் நடமாட்டம் கேட்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு தாழ்ப்பாள் போட எத்தனை நாள் ஆகும்? நம் ஊரில் ஒவ்வொரு இரவும் கோயில் நடை சாத்துமுன் சொக்கநாதரைப் பல்லக்கில் வைத்து மீனாட்சி அம்மன் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்கிறார்கள். கணவனும் மனைவியும் தனித்திருக்க ஓர் அறை வேண்டும் என்பதைத் தெய்வத்துக்கே விடாமல் செய்துவரும் ஊர் இது. நம் வீடுகளில் மட்டும் அதைக் கேட்கக் கூசுகிறோம். அம்மாவுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கொசு வருகிறது என்று கதவைச் சரிசெய்தாலும் அவருக்குப் புரியும். அவரும் ஒரு காலத்தில் புது மருமகளாக இருந்தவர்தானே.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. இப்போது உங்கள் வீட்டில் முத்தம் எப்போது வருகிறது? உடலுறவுக்கு முன் மட்டும். கடைக்குக் கிளம்பும்போது இல்லை, சமையலறையில் இல்லை, ஒரு நல்ல செய்தி வந்தபோது இல்லை. அப்படியானால் உங்கள் உதடு நெருங்கும்போதே, அடுத்த அரை மணி நேரத்துக்குத் தன்னிடம் சக்தி இருக்கிறதா என்று அவர் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. சோர்ந்திருப்பவர் முதல் படியிலேயே முகத்தைத் திருப்பிவிடுவார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் 900க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டறிந்ததில், ஆண்களைவிடப் பெண்களே உறவில் முத்தத்துக்குக் கூடுதல் முக்கியத்துவம் தந்திருந்தார்கள். நீண்டகால உறவுகளில், அடிக்கடி முத்தமிட்டுக்கொள்வதற்கும் உறவில் நிறைவுக்கும் தொடர்பு தெரிந்தது. எத்தனை முறை உடலுறவு என்பதற்கும் நிறைவுக்கும் அத்தகைய தொடர்பு தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் உங்களை இழுத்து நிறுத்தி முத்தம் கொடுத்தவர் உங்கள் மனைவி. எதையும் எதிர்பார்க்காத முத்தம் அது. அவருக்குப் பிடித்தது அந்த முத்தம்தான் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அந்த இரவு

இதை மென்மையாகச் சொல்ல முடியாது. மனைவியின் முகத்தை அழுத்திப் பிடித்து நீங்கள் செய்தது வன்முறை. அடிக்கவில்லையே என்று நீங்கள் நினைக்கலாம். விருப்பமில்லாத ஒருவரின் முகத்தை அசைய விடாமல் பிடிப்பது அடிக்குச் சற்றும் குறைந்ததில்லை. "புருஷனின் உரிமை" என்று எழுதியிருக்கிறீர்கள். திருமணம் உங்கள் இருவருக்கும் ஒருவரை ஒருவர் விரும்ப இடம் தந்திருக்கிறது. மற்றவரின் உடல் மேல் உரிமைப் பத்திரம் எதையும் அது எழுதித் தரவில்லை. வற்புறுத்திப் பெற்ற முத்தத்தில் நீங்கள் தேடியது இருந்ததா என்று உங்களையே கேட்கிறேன். இல்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

போனை எடுத்துப் பார்த்ததும் தவறுதான். எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும் உங்கள் சந்தேகம் தீரவில்லை, கவனித்தீர்களா? எவ்வளவு தேடினாலும் சந்தேகம் தீராது. இன்னும் தேடச் சொல்லும். காலை வணக்கப் படம் அனுப்பும் ஓர் ஆசிரியரைப் பற்றி நண்பரிடம் பேசியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை இத்தோடு நிறுத்துங்கள். ஒரு பள்ளி ஆசிரியையின் பெயரைப் பற்றிக் கடைத்தெருவில் எழும் ஒரு வதந்தி அவருடைய வேலையையே பறித்துவிடும்.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள்

நான் வழக்கறிஞர் இல்லை. குடும்ப ஆலோசகராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் விவாகரத்துக்கான காரணங்களில் கொடுமையும் ஒன்று. உடல் குறையோ நியாயமான காரணமோ இல்லாமல் நீண்ட காலம் ஒருதலையாக உடலுறவை மறுப்பது மனரீதியான கொடுமையாகலாம் என்று 2007இல் சமர் கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் நிலை அதுவன்று. முத்தத்தை மட்டும் தவிர்ப்பதை, அதுவும் காரணத்தோடு தவிர்ப்பதை, வைத்து வழக்கு நிற்கும் என்று நம்பாதீர்கள். மறுபுறம், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் பாலியல் நடத்தையையும் வன்முறையாகவே கருதுகிறது. அந்த இரவைப் பற்றி உங்கள் மனைவி புகார் கொடுத்தால் கேள்வி கேட்கப்படுபவர் நீங்கள். உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. உரிமை என்று பேசத் தொடங்கினால் அது இருபுறமும் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி என்ன செய்யலாம்

"அவளை மாற்ற வழி" கேட்டிருந்தீர்கள். அவரை மாற்றும் வழி என்னிடம் இல்லை. நீங்கள் செய்யக்கூடியவை இருக்கின்றன.

முதலில் மன்னிப்பு. படுக்கையில் வேண்டாம், இரவில் வேண்டாம். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை என்கிறீர்கள். அன்று மாலை அவர் பள்ளியிலிருந்து வந்து சற்று ஓய்வெடுத்த பிறகு, குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வண்டியில் தெப்பக்குளம் வரை போய் உட்காருங்கள். சுற்றி ஆட்கள் இருந்தாலும் உங்கள் பேச்சில் யாரும் தலையிடமாட்டார்கள். "அன்று உன் முகத்தைப் பிடித்தது தவறு. இனி ஒருநாளும் அப்படிச் செய்யமாட்டேன்" என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள். "ஆனால் நீயும்..." என்று தொடர்ந்தால் சொன்ன மன்னிப்பு வீணாகிவிடும். அவர் அழலாம், கோபப்படலாம், ஒன்றும் பேசாமலும் இருக்கலாம். எதுவானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போனைப் பார்த்ததையும் சொல்ல வேண்டுமா? இதில் எனக்குத் தயக்கம் உண்டு. சொன்னால் ஒரு காயத்தின் மேல் இன்னொரு காயம். சொல்லாமல் விட்டு, பின்னால் அந்த நண்பர் வாயிலாக அவருக்குத் தெரியவந்தால் அது மிகவும் மோசமாகிவிடும். சொல்வதே நல்லது, ஆனால் அன்றே வேண்டாம். அவர் உங்களோடு இயல்பாகப் பேசத் தொடங்கிய பிறகு, நீங்களே சொல்லுங்கள். அந்த ஆசிரியரைப் பற்றிக் கேள்வி எதுவும் கேட்காமல் சொல்லுங்கள்.

அடுத்து, கொஞ்ச காலத்துக்கு இரவு 2 மணிக்கு அவரை எழுப்புவதை விட்டுவிடுங்கள். வந்ததும் குளித்து, பல் விளக்கி, நாக்கை வழித்துவிட்டுப் படுங்கள். காலை 5 மணித் தண்ணீரை வாரத்தில் சில நாட்கள் நீங்கள் பிடித்து வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். இரவு வேலை பார்ப்பவருக்கு அது பெரிய சிரமம் என்று தெரியும். இருந்தாலும் செய்து பாருங்கள். ஒரு மணி நேரம் கூடுதலாக உறங்கிய மனைவியிடம் எவ்வளவு மாற்றம் தெரியும் என்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

முத்தத்தைப் பற்றி இருவரும் வெளிப்படையாக ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். சில வாரங்களுக்கு முத்தம் முத்தத்தோடு நிற்கும், அதற்கு மேல் எதையும் நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்பதுதான் அது. நெற்றியில், உச்சியில், கையில், அவர் காட்டும் கன்னத்தில். கன்னத்தைக் காட்டுவதை நீங்கள் மறுப்பாகக் கணக்கு வைத்திருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உங்கள் அன்பு வேண்டாம் என்று நினைப்பவர் கன்னத்தையும் காட்டமாட்டார். அந்தக் கன்னத்தில் அவசரமில்லாமல் ஒரு முத்தம் வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். அன்றைக்கு அது போதும். "கொடுக்கட்டுமா?" என்று கேட்பதில் ஆண்மைக்குக் குறைவு ஒன்றும் இல்லை. கேட்கப்படுவதில் பெண்ணுக்கு ஓர் இன்பம் இருக்கிறது. "வேண்டாம்" என்று சொன்னாலும் முகம் சுளிக்காமல் இருக்கும் கணவரிடம்தான் "வேண்டும்" என்றும் தயங்காமல் சொல்ல முடியும்.

எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்பீர்கள். நாள் குறித்துச் சொல்ல முடியாது. ஊறாத மாவை வீசினால் கிழிந்துவிடும் என்பது உங்கள் கைகளுக்குத் தெரியும். அந்தப் பொறுமையை இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள். இப்படியெல்லாம் நடந்துகொண்டால் கடைசியில் உதட்டு முத்தம் கிடைத்துவிடும் என்று விலை பேசுவது போலவும் இருந்துவிடாதீர்கள். அது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

சில மாதங்கள் கழித்தும், உங்கள் வாய் நலமாகி, வீட்டுச் சுமை குறைந்து, அவர் நன்றாக உறங்கும் நிலையிலும் உதட்டு முத்தம் அவருக்கு வேண்டாம் என்றிருக்கலாம். அந்த இரவின் நினைவு அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கலாம். அவருக்கு இயல்பாகவே அது பிடிக்காமல், புதிதில் உங்களுக்காகக் கொடுத்திருக்கவும் கூடும். உங்கள் மேல் மனம் விலகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. இல்லவே இல்லை என்று நான் பொய் ஆறுதல் சொல்லமாட்டேன். எதுவாக இருந்தாலும் அதை அவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடையில் டீ குடிக்க வரும் நண்பர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நீங்கள் கடை அடைக்கும் நேரத்தில் எந்த ஆலோசகரும் இருக்கமாட்டார். டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். சந்தேகம் தலைக்கேறி மீண்டும் அந்தப் போனை எடுக்கத் தோன்றும் இரவில் இந்த எண்ணை அழையுங்கள். உங்கள் மனைவிக்கும் எண்ணைக் கொடுத்து வையுங்கள். ஆலோசகரிடம் நேரில் போவதானால், முதல் முறை அவர் தனியாகப் பேச விரும்பினால் நீங்கள் வெளியில் உட்காருங்கள். உள்ளே என்ன பேசினார் என்று திரும்பும் வழியில் கேட்காதீர்கள்.